ட்யூனர் பச்சை காட்டுகிறது, காது ஒப்பவில்லை: கிட்டார் சுருதிக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

"சுருதி நிக்க மாட்டேங்குது சார்" என்று சொல்லிக் கிட்டாரை நீட்டுவார்கள். வாங்கி மீட்டிப் பார்த்தால் சுருதி நின்றுகொண்டுதான் இருக்கும். கோளாறு வேறெங்கோ இருக்கும். அதனால் நான் முதலில் மூன்று கேள்வி கேட்பேன். எந்தக் கம்பியில்? திறந்த கம்பியிலா, அழுத்தினாலா? எந்தக் கார்டு (சில சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பது) வாசிக்கும்போது? மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சுருதிக் கோளாறுகளில் சில கம்பியால் வருபவை, சில மரத்தாலும் உலோகத்தாலும் வருபவை. இந்த இரண்டையும் சரிசெய்துவிடலாம். மூன்றாவதாக ஒன்று உண்டு, அது கணக்கால் வருவது. அதை ஒழிக்க முடியாது. ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் வைக்கத்தான் முடியும். இது தெரியாமல் ஒரு மாலை முழுக்கக் கம்பியை இறுக்கும் கீயைத் திருகிக்கொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் இருந்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றிரண்டு சொற்கள். மெல்லிய கம்பி முதல் கம்பி, தடித்தது ஆறாவது. ஆறிலிருந்து ஒன்று வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்தான் ஃப்ரெட். அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே உள்ள சுருதி வித்தியாசத்தை 100 சென்ட் என்பார்கள். ஒரு ஸ்தாயிக்கு 1200. இரண்டு சுரங்கள் கிட்டத்தட்டச் சேர்ந்து, முழுக்கச் சேராமல் இருந்தால் "வாவ் வாவ்" என்று ஒலி ஏறி இறங்கும். பள்ளி இயற்பியல் புத்தகத்தில் இதற்கு விம்மல் என்று பெயர். கீழே வருவதில் பாதிக்கு மேல் இந்த விம்மலைக் கேட்கப் பழகுவதுதான்.

கம்பி துருப்பிடித்துச் சொரசொரவென்று இருந்தால் மேலே படிக்காதீர்கள், முதலில் மாற்றுங்கள். கடற்கரை ஊர்களில் வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து கம்பியைச் சீக்கிரமே தின்றுவிடும். ஓரிடத்தில் தேய்ந்து, ஓரிடத்தில் அழுக்கேறிய கம்பி எந்த ஃப்ரெட்டிலும் ஒழுங்காகச் சுரம் தராது. அதை வைத்துக்கொண்டு செய்கிற எந்தச் சோதனையும் பொய் சொல்லும்.

"தனியா வாசிச்சா நல்லாருக்கு, பாட்டோட சேரல"

சுருதி காட்டும் கருவியான ட்யூனரின் மூலையில் பொடியாக ஓர் எண் இருக்கும். அது 440 ஆக இருக்க வேண்டும். ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்று 1939இல் லண்டன் மாநாட்டில் ஒப்புக்கொண்டார்கள். 1975இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரமாகவும் அதுவே வந்தது. பையில் கிடக்கும்போது பட்டன் அழுந்தி 442 ஆகியிருந்தால் எட்டு சென்ட் தள்ளிப்போகும். 432க்குப் போயிருந்தால் கிட்டத்தட்ட 32 சென்ட், அதாவது ஒரு ஃப்ரெட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஆறு கம்பியும் ஒன்றுபோல இறங்கியிருப்பதால் தனியாக வாசிக்கும்போது எதுவும் தெரியாது.

எண் சரியாக இருந்தால் அடுத்தது எதிராளியைச் சந்தேகியுங்கள். ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரியில் மூன்று தடவை சுருதி சேர்த்தேன், மூன்று தடவையும் கீபோர்டோடு ஒட்டவில்லை. கடைசியில் பார்த்தால் போன பாட்டில் பாடகிக்காகக் கீபோர்டை அரைச் சுரம் ஏற்றிவிட்டு இறக்க மறந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மேடையில் முதலில் "ஒரு ஏ கொடுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் ட்யூனரைக் கையில் எடுக்கிறேன். சரியாக ஒரு ஃப்ரெட் தள்ளியிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அல்லது அந்தப் பாட்டின் கிட்டார்காரர் ஆறு கம்பியையும் அரைச் சுரம் இறக்கிவைத்து வாசித்திருப்பார்.

"சேர்த்த அஞ்சு நிமிஷத்துல இறங்கிடுது"

புதுக் கம்பியா? அப்படியென்றால் கோளாறே இல்லை, அது இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பியை மெல்லத் தூக்கி இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். மூன்று நான்கு முறை செய்தால் எஃகுக் கம்பி அடங்கிவிடும். நைலான் அடங்கச் சில நாள் ஆகும், விட்டுவிடுங்கள்.

பழைய கம்பியா? சுருதி கூடிப்போனால் கீயைக் கொஞ்சம் தளர்த்தி அப்படியே விடுவது நிறையப் பேருக்குப் பழக்கம். கீயின் பற்சக்கரங்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்கும். தளர்த்தி விட்டால் கம்பி அந்த இடைவெளியைப் பிறகு மெல்லத் தானே எடுத்துக்கொள்ளும். வேண்டியதற்குக் கீழே நன்றாக இறக்கி, அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள்.

திருகும்போது "டிங்" என்று ஒரு சத்தம் வந்து ட்யூனர் முள் திடீரென்று தாவினால், நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் துண்டு) பள்ளத்தில் கம்பி மாட்டிக்கொள்கிறது. பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துவிடுங்கள். கிராஃபைட் தூள் வழுக்க வைக்கும். இரண்டு ரூபாய் வைத்தியம், முக்கால்வாசி நேரம் போதும்.

ஏசி அறையில் சேர்த்துவிட்டு வெளி மேடைக்குப் போனால் எஃகு சூட்டில் நீண்டு சுருதி இறங்கத்தான் செய்யும். மேடைக்குப் போய்ப் பத்து நிமிடம் கழித்துச் சேருங்கள்.

"திறந்த கம்பி சரி, முதல் ஃப்ரெட்டுகள்ல மட்டும் ஏறுது"

எஃப் கார்டு, ஈ கார்டு எல்லாம் கசக்கும். மேலே போகப் போகச் சரியாகும். இது அநேகமாக நட்டின் கோளாறு. விலை குறைந்த கிட்டார்களில் பள்ளங்களை முழு ஆழத்துக்கு அறுக்காமலே அனுப்பிவிடுகிறார்கள். கம்பி உயரமாக நிற்கிறது, முதல் ஃப்ரெட்டைத் தொட அதை நிறைய அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்த அழுத்த விறைப்பு கூடிச் சுருதி ஏறுகிறது.

சோதிப்பது எளிது. மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைகிறது என்றால் நட் உயரம். இதற்கென்றே அளவு வாரியாக அரம் இருக்கிறது, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ரம்பப் பிளேடை எடுத்து நாமே அறுக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். ஒரு இழுப்பு கூடிப்போனால் திறந்த கம்பி ஃப்ரெட்டில் இடித்து "ஜிர்ர்" என்று உறுமும். பிறகு சமையல் சோடாவையும் சூப்பர் க்ளூவையும் போட்டுப் பள்ளத்தை நிரப்பி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கற்பவர்கள் பயத்தில் கம்பியை ஆணி அடிக்கிற மாதிரி அழுத்துவார்கள். அதிலேயே பத்து சென்ட் ஏறிவிடும். கிட்டாரைக் குறை சொல்லும் முன் வேறொருவரை அதே கார்டைப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"மேலே போகப் போக ஏறுது"

பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு ஹார்மானிக் வரும். அதை ட்யூனரில் பாருங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலை (கிட்டாரின் உடல் பக்கம் கம்பி உட்காரும் துண்டு) கழுத்தைவிட்டு விலக்க வேண்டும்; இறங்கியிருந்தால் கழுத்துப் பக்கம் நகர்த்த வேண்டும். ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பியில் சாடிலை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் சுமார் இரண்டரை முதல் மூன்று சென்ட் மாறும். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் திறந்த கம்பியை மறுபடி சேர்த்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நிறையப் பேர் இதை மறந்துவிட்டு, "எவ்வளவு நகர்த்தினாலும் மாறல" என்பார்கள்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒழுங்காக அமைத்த சாடில்களை மேலிருந்து பார்த்தால் இரண்டு படிக்கட்டுகள் தெரியும். முதல் கம்பியின் சாடில் முன்னால், இரண்டாவது கொஞ்சம் பின்னால், மூன்றாவது இன்னும் பின்னால். நான்காவதில் திடீரென்று முன்னுக்கு வந்து, ஐந்தும் ஆறும் மறுபடி பின்வாங்கும். மூன்றாவது ஜி கம்பி சுருள் சுற்றாத வெறும் எஃகு, அதுவும் தடித்தது. அழுத்தினால் அதிகமாக ஏறும். நான்காவதில் சுருளுக்குள்ளே இருக்கும் கம்பி மெல்லியது, அவ்வளவு ஏறாது. உங்கள் கிட்டாரில் இந்தப் படிக்கட்டு இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிக்கு ஒரு சாடில் உண்டு. அதற்கு மூத்த டெலிகாஸ்டரில் மொத்தமே மூன்றுதான், இரண்டு கம்பிக்கு ஒன்று. சண்டைக்காரர்களான மூன்றாவதும் நான்காவதும் ஒரே சாடிலில் குடித்தனம். ஒன்று பின்னுக்குப் போ என்கிறது, மற்றது முன்னுக்கு வா என்கிறது. நடுவில் நிறுத்திவிட்டு இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் தப்பாக வைத்துக்கொள்வதுதான் பழைய வழி. இப்போது சாய்வாகச் செதுக்கிய சாடில்கள் கிடைக்கின்றன, வாங்கிப் போட்டால் தகராறு தீரும். போடமாட்டேன், அந்தப் பழைய ஒலியே வேண்டும் என்கிறவர்களும் உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை.

"ஹார்மானிக் வச்சுத் துல்லியமா சேர்த்தேன், முன்னைவிட மோசம்"

இது எனக்குப் பிடித்த புகார். இங்கே தப்பு செய்தவர் யாருமில்லை.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆறாவது கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட் ஹார்மானிக்கையும் ஐந்தாவது கம்பியின் ஏழாம் ஃப்ரெட் ஹார்மானிக்கையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, விம்மல் நிற்கும்வரை திருகுவது. அப்படியே ஐந்துக்கும் நான்குக்கும், நான்குக்கும் மூன்றுக்கும். இரண்டாவது பி கம்பிக்கு ஆறாவது கம்பியின் ஏழாம் ஃப்ரெட் ஹார்மானிக். கடைசியில் பி கம்பியிலிருந்து முதல் கம்பி. ஒவ்வொரு சோடியும் கண்ணாடி போலத் தெளிவாக நிற்கும். பிறகு ஜி மேஜரைப் பிடித்தால் மூஞ்சி சுளிக்கும்.

ஏன்? ஏழாம் ஃப்ரெட் ஹார்மானிக் என்பது கம்பியை மூன்றாகப் பிரித்து வருவது, இயற்கையான பஞ்சமம் (ச முதல் ப வரை). அது 702 சென்ட். ஃப்ரெட்டுகள் போட்டிருப்பதோ 700க்கு. வித்தியாசம் இரண்டே சென்ட், ஒரு தடவையில் யாருக்கும் கேட்காது. ஆனால் ஆறிலிருந்து ஐந்துக்கு வரும்போது இரண்டு சென்ட் இறங்குகிறது, ஐந்திலிருந்து நான்குக்கு இன்னும் இரண்டு, நான்கிலிருந்து மூன்றுக்கு இன்னும் இரண்டு. ஜி கம்பி மொத்தம் ஆறு சென்ட் இறங்கிவிட்டது. பி கம்பியை வேறு வழியில் எடுத்ததால் அது இரண்டு சென்ட் ஏறிவிட்டது. ஜிக்கும் பிக்கும் நடுவே 400 இருக்க வேண்டிய இடத்தில் 408.

இதை எண்ணிப் பார்க்கலாம். ட்யூனரில் சேர்த்த ஜியையும் பியையும் திறந்து ஒன்றாக மீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ எட்டு விம்மல். ஹார்மானிக்கில் சேர்த்தால் பன்னிரண்டு. எட்டு ஒரு மாதிரியான நடுக்கம், காது பழகிக்கொள்ளும். பன்னிரண்டு உரசல்.

தீர்வு இரண்டு. ஹார்மானிக்கைக் கைவிட மனமில்லை என்றால், விம்மலை முழுக்க நிறுத்தாதீர்கள். ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவே மூன்று நொடிக்கு ஒரு விம்மல் போல மெதுவாக உருளட்டும், ஐந்துக்கும் நான்குக்கும் இரண்டு நொடிக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் மெல்லிய கம்பி ஒரு பொடி கூடுதலாக நிற்க வேண்டும். காதால் பியானோ சேர்ப்பவர்கள் இப்படி விம்மலை எண்ணித்தான் வேலை செய்வார்கள்.

நான் செய்வது இரண்டாவது வழி. முதல் கம்பியை மட்டும் ட்யூனரில் சேர்த்துவிட்டு, மற்ற ஐந்தையும் அந்த ஒரே ஈயோடு ஒப்பிடுவது. இரண்டாவது கம்பி ஐந்தாம் ஃப்ரெட், மூன்றாவது ஒன்பதாம் ஃப்ரெட், நான்காவது இரண்டாம் ஃப்ரெட், ஐந்தாவது ஏழாம் ஃப்ரெட், ஆறாவது பன்னிரண்டாம் ஃப்ரெட். எல்லாம் ஈதான், சில ஒரு ஸ்தாயி கீழே. எல்லாக் கம்பிக்கும் ஒரே சாட்சி என்பதால் பிழை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறாது.

"ஈ மேஜர் தேனா இருக்கு, ஜி மேஜர் புளிக்குது"

இதற்குத்தான் மாலை முழுக்கத் திருகுவார்கள். நல்ல காது உள்ளவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை வரும் என்று ஆறுதல் சொல்லலாம்.

எல்லாம் ட்யூனர்படி இருக்கும்போது ஈ மேஜரை மெதுவாக, ஒவ்வொரு கம்பியாக மீட்டுங்கள். ஆறு, ஐந்து, நான்கு ஒத்துப்போகும். மூன்றாவது கம்பியில் சற்று உறுத்தும். அங்கே முதல் ஃப்ரெட்டில் இருப்பது ஜி ஷார்ப், ஈயை ச என்று வைத்தால் அதன் அந்தர காந்தாரம் (க). இயற்கையான காந்தாரம் 386 சென்ட், ஃப்ரெட் தருவது 400. பதினான்கு சென்ட் அதிகம். நான்காவது கம்பியின் ஈயோடு நொடிக்கு ஆறரை விம்மல் வரும். காது சொல்கிறபடி ஜி கம்பியை இறக்குகிறீர்கள். விம்மல் குறைகிறது, நிற்கிறது. ஆகா, ஈ மேஜர் கோயில் மணி மாதிரி ஒலிக்கிறது.

இப்போது ஜி மேஜர். ஆறாவது கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் ஒரு ஜி, திறந்த மூன்றாவது கம்பியில் அதன் மேல் ஸ்தாயி ஜி. ஸ்தாயிதான் காது எதையும் மன்னிக்காத இடம். இரண்டும் பதினான்கு சென்ட் விலகி நொடிக்கு ஒன்றரை முறை ஊசலாடும். டி மேஜர் பிடித்தால் மூன்றாவது கம்பியின் ஏ பஞ்சமம் அழுகியிருக்கும். சரி என்று ஜியை மறுபடி ஏற்றினால் ஈ மேஜர் கெடும். திருகல் தொடரும்.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். எல்லோரும் முதல் மாதத்தில் கற்கும் ஐந்து திறந்த கார்டுகளில் காந்தாரம் எங்கே விழுகிறது? ஈ மேஜரில் மூன்றாவது கம்பி. ஏ மேஜரில் இரண்டாவது. டி மேஜரில் முதல் கம்பி. சி மேஜரில் நான்காவது, கூடவே திறந்த முதல் கம்பி. ஜி மேஜரில் ஐந்தாவது, கூடவே திறந்த இரண்டாவது. ஒவ்வொரு கார்டும் ஒவ்வொரு கம்பியை இறக்கச் சொல்கிறது. இறக்கிய கம்பியே அடுத்த கார்டில் ஆதார சுரமாகவோ (ச) பஞ்சமமாகவோ வந்து நிற்கிறது. ஐந்து பேருக்கும் நல்லவராக இருக்க முடியாது.

ஃப்ரெட்டையே நகர்த்திவிடலாமே என்றால், ஃப்ரெட் ஆறு கம்பிக்கும் குறுக்கே போகும் ஒரே துண்டு. மூன்றாவது கம்பியில் ஜி ஷார்ப் தரும் அதே முதல் ஃப்ரெட்தான் இரண்டாவது கம்பியில் சி தருகிறது, முதல் கம்பியில் எஃப் தருகிறது. ஜி ஷார்ப்புக்காக நகர்த்தினால் சியும் எஃப்பும் இறங்கும். லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தில் ஃப்ரெட் என்பது கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்பு, வாசிப்பவர் நகர்த்திக்கொள்வார். அதிலும் இந்தச் சங்கடம் தீரவில்லை. கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலெய் ஒரு லூட் கலைஞர். 1581இல் அவர் ஒரு சுலபக் கணக்கு சொன்னார்: மிச்சமிருக்கும் கம்பி நீளத்தைப் பதினெட்டாகப் பிரித்து, ஒரு பங்கு தள்ளி அடுத்த ஃப்ரெட்டைக் கட்டு. இதில் ஒவ்வொரு ஃப்ரெட்டும் 99 சென்ட்தான் வரும், பன்னிரண்டு போனால் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சென்ட் போல எட்டாது. ஆனால் விரல் அழுத்தினால் கம்பி கொஞ்சம் ஏறுமல்லவா, அந்தக் குறையில் ஒரு பகுதி அதில் சரிக்கட்டிவிடும். இன்றைய தொழிற்சாலைகள் பதினெட்டுக்குப் பதில் 17.817 என்று வகுக்கின்றன. சுவீடன்காரர்கள் கம்பிக்குக் கம்பி வளைந்து நெளிந்து போகும் ஃப்ரெட்டும் செய்திருக்கிறார்கள். பார்த்தால் கழுத்தில் புழு ஊர்வது போல இருக்கும், வேலை செய்யத்தான் செய்கிறது.

ஆக, நம் கையில் இருப்பது என்ன? மேடையில் பாட்டுக்குப் பாட்டு ஆதார சுரம் மாற்றி வாசிக்கிறீர்கள் என்றால் ட்யூனர் சொன்னதை வைத்துக்கொண்டு கையை எடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவில் ஒரே கார்டுதான் பாட்டைத் தாங்குகிறது, ஈ மேஜர் என்று வைத்துக்கொள்வோம், அப்போது ஜி கம்பியை ஐந்தாறு சென்ட் இறக்குங்கள். பதினான்கும் வேண்டாம். ஐந்தாறு இறக்கினாலே நடுக்கம் தணியும், ஜி வரும் இடத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அந்தப் பாட்டில் ஜி கார்டு வருகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

"டிஸ்டார்ஷன் போட்டா கார்டு கூழாகுது"

சுத்தமான ஒலியில் பொறுத்துக்கொண்ட பதினான்கு சென்ட், ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் பூதாகாரமாகும். அந்தக் கருவி இரண்டு சுரத்தின் கூட்டலையும் கழித்தலையும் புதிய ஒலிகளாகக் கக்கும். காந்தாரம் சேராதபோது அந்தக் குப்பையும் சேராது. ராக் வாசிப்பவர்கள் ஆதாரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்துப் பவர் கார்டு என்று வாசிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பஞ்சமத்தில் பிழை இரண்டே சென்ட். காந்தாரத்தை விட்டுவிடுங்கள், கூழ் தெளியும்.

"கேப்போ போட்டா எல்லாம் ஏறுது"

கேப்போ என்பது எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்தும் கவ்வி. ஃப்ரெட்டுக்கு மிக அருகில், நேராகப் போடுங்கள். இறுக்கத்தைக் குறைக்க முடிகிற கேப்போ என்றால் இரைச்சல் வராத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அப்புறமும் கொஞ்சம் ஏறும், போட்ட பிறகு மறுபடி சேருங்கள். அமெரிக்கப் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் டெய்லர் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்கிறவர். ஆறாவது கம்பியை 12 சென்ட், ஐந்தாவதை 10, நான்காவதை 8, மூன்றாவதை 4, இரண்டாவதை 6, முதலாவதை 3 என்று இறக்கி வைப்பதாக அவரே பாடம் எடுத்துக் காட்டியிருக்கிறார். தடித்த கம்பி மீட்டியவுடன் சற்று ஏறி ஒலிக்கும், கேப்போவும் ஏற்றும், அதற்கு ஈடு. முயன்று பாருங்கள். உங்கள் கையும் கேப்போவும் வேறு என்பதால் எண்கள் அப்படியே பொருந்தாது.

"தம்பூரா ஆப் போட்டு வாசிச்சா ஒட்டல"

வாய்ப்பாட்டோ வயலினோ கற்றுவிட்டுக் கிட்டாருக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் புகார். கிட்டார்க்காரர்களைவிட இவர்கள் காது கூர்மை. தம்பூராவின் மந்தர ஷட்ஜக் கம்பியை மீட்டினால் யாரும் வாசிக்காத அந்தர காந்தாரம் ஒன்று தானாக எழும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். அது கம்பி ஐந்தாகப் பிரிந்து அதிர்வதால் வருவது, 386. அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது கிட்டாரின் 400ஐ ஏற்காது. பஞ்சமமும் சுத்த மத்தியமமும் இரண்டு சென்டுக்குள் அடங்கிவிடும், தொல்லை அதிகம் காந்தாரத்திலும், பதினாறு சென்ட் கூடிய சதுசுருதி தைவதத்திலும்.

சம பங்கு நம் ஊருக்கு முழுக்க அந்நியம் என்று நினைத்துவிட வேண்டாம். தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் ஸ்தாயியைச் சமமாகவே பிரிக்க வேண்டும், சுருதி 22 அல்ல 24 என்று வாதாடினார், கணக்கும் போட்டுக் காட்டினார். கிட்டார் வாசிக்கிறவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். தம்பூரா அவர் பக்கம் இல்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. ஈயை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் முதல் கம்பியின் நான்காம் ஃப்ரெட் காந்தாரம். அது ஏற்கெனவே கூடியிருக்கிறது. கம்பியை இழுத்தால் இன்னும் ஏறுமே தவிர இறங்காது. அதனால் நான்காம் ஃப்ரெட்டை விட்டுவிட்டு மூன்றாம் ஃப்ரெட்டில் விரலை வைத்து, கம்பியைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். தம்பூரா ஓடிக்கொண்டிருக்கட்டும். சாதாரண காந்தாரத்திலிருந்து ஏறிக்கொண்டே போகும்போது விம்மல் முதலில் வேகமாக வரும், பிறகு நிதானமாகும், அரைச் சுரத்துக்குச் சற்று முன்பே ஓரிடத்தில் அடங்கிவிடும். அங்கே நிறுத்துங்கள்.